இருபத்தேழு விநாடித் திருட்டு

செவ்வாய்க்கிழமை, காலை 9.20.

காணாமல் போனது இருபத்தேழு விநாடி. அதைத் திருடியவள் என்று பெயர் வாங்கிய வாகினி, உக்குவளைக்கு மேலே குன்றில் இருந்த புற்றுநோய் ஆய்வு நிலையத்தின் வாசற்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் சரோஜினிதேவி ஒரு கையில் படிக்கற்பெட்டியும் மறு கையில் குடையுமாக மேலே ஏறி வந்தார். மாத்தளை மாவட்டத்தின் நிறுவை அளவைப் பரிசோதகர். நிலையத்தில் மருந்து நிறுக்கும் நுண்தராசைச் சோதித்து முத்திரை வைத்துவிட்டு, பத்தரை பஸ்ஸில் திரும்புவது அவருடைய திட்டம். மிளகும் கறுவாவும் வாங்கும் கடைக்காரர்களுக்கு அவரை நன்றாகத் தெரியும். அவர் தராசைப் பார்ப்பதில்லை, தராசைத் தொடும் கையைப் பார்ப்பார். போன வருடம் ஒரு முதலாளி சாக்கு நிறுக்கும்போது முழங்காலால் தராசுத் தட்டுக்கு முட்டுக்கொடுத்ததை, அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரம் அசைந்த விதத்தை வைத்தே பிடித்துவிட்டார்.

"என்னம்மா, யாரும் ஏசினாங்களா?" என்று கேட்டார் சரோஜினிதேவி.

"நான் ஓடித்தான் போனேன் மிஸ்," என்றாள் வாகினி. "நடக்கக்கூட இல்ல. டொக்டர் நம்ப மாட்டேங்கிறாரு."

சரோஜினிதேவி கைக்குட்டையைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். பத்தரை பஸ் அன்று அவரைப் பார்க்கப்போவதில்லை.

காலை 9.50.

நுண்தராசு மயிரிழை பிசகாமல் சரியாக இருந்தது. அதைக் கேட்டதும் நிலையத்தின் இயக்குநர் டொக்டர் தியாகராஜா பெருமூச்சு விட்டார்.

"தராசாவது பிழைன்னு சொல்லுவீங்கன்னு பார்த்தேன்," என்றார். "அப்ப அந்தப் பிள்ளதான்."

"எந்தப் பிள்ள? வாசல்ல அழுறவங்களா? என்ன நடந்திச்சு டொக்டர்?"

கேட்பது அரசாங்க முத்திரைக்காரர் என்பதாலோ, யாரிடமாவது சொல்லித் தீர்க்க வேண்டும் போல இருந்ததாலோ, அவர் சொல்லத் தொடங்கினார். சொன்னதன் சாரம் இதுதான்.

சர்க்கரையை உடம்பு உடைக்கும்போது பைருவேட் என்றொரு பொருள் உண்டாகும். நல்ல உயிரணு அதைப் பொறுமையாக எரித்துச் சக்தி எடுக்கும். புற்றணுவுக்கு அந்தப் பொறுமை கிடையாது, பெரும்பகுதியை அவசர அவசரமாக லக்டேட்டாக மாற்றித் தள்ளும். அந்த அவசரத்தை அளக்க முடிந்தால், கட்டி சுருங்குவதற்கு முன்பே மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்று சொல்லிவிடலாம். அதற்காக இங்கே பைருவேட்டைப் பூச்சியத்துக்குக் கீழே இருநூற்று எழுபத்திரண்டு பாகை உறைகுளிரில், காந்தத்துக்குள், மூன்று மணிநேரம் வைத்து அதன் காபன் அணுவுக்குக் காந்த முறுக்கேற்றுகிறார்கள். முறுக்கேறிய காபனின் சமிக்ஞை பத்தாயிரம் மடங்குக்கு மேல் பெருகும். அதை நோயாளிக்கு ஊசியாகப் போட்டு, எம்.ஆர்.ஐ. இயந்திரத்தால் பார்த்தால், உடம்புக்குள் பைருவேட் லக்டேட்டாக மாறுவது கண்ணெதிரே தெரியும். மனிதன் கண்டுபிடித்தவற்றில் இப்படி உயிருக்குள் எட்டிப் பார்க்கும் யன்னல்கள் அதிகமில்லை.

ஒரே ஒரு சங்கடம். சுடுநீர் பட்டு உருகிய கணத்திலிருந்து முறுக்கு தளரத் தொடங்கிவிடும். ஒரு நிமிடத்தில் பாதிக்கு மேல் போய்விடும், நாலைந்து நிமிடத்தில் ஒன்றும் மிஞ்சாது. அதனால் இந்த நிலையத்தில் எல்லோரும் விநாடியை உயிர்போலப் பார்த்தார்கள்.

"வில்கமுவயில வயல் செய்றவர், ஜமால்தீன்னு," என்றார் டொக்டர். "வலது முழங்காலுக்கு மேல கட்டி. மார்ச்ல அளந்தோம். நூறு பங்கு பைருவேட்டுக்கு நாப்பது பங்கு லக்டேட். ஆறு கிழமை, ஒண்ணரை மாசம், மருந்து குடுத்தோம். நேத்து திரும்ப அளந்தா அறுபத்தொண்ணு."

"குறையணும், கூடியிருக்கு."

"ஆமா. மருந்து கேக்கல்லன்னு அர்த்தம். நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு அம்புலன்ஸ் வருது. பெரிய ஹொஸ்பிட்டலுக்குக் கொண்டுபோய்க் கால எடுக்கப் போறாங்க."



"கட்டிய தொட்டுப் பார்த்தீங்களா?" என்று கேட்டார் சரோஜினிதேவி.

"பார்த்தேன். கொஞ்சம் இளகின மாதிரித்தான் இருந்திச்சு. அதாலதான் எனக்குச் சந்தேகம். பதிவ எடுத்துப் பார்த்தா, மார்ச்ல பைருவேட் மருந்து உருகினதிலயிருந்து ஊசி போட அம்பத்திரண்டு விநாடி. நேத்து எழுபத்தொம்பது. மருந்த உருக்கி, சரி பார்த்து, எடுத்துக்கொண்டு ஓடுறது வாகினி. இருபத்தேழு விநாடிய எங்கயோ தொலைச்சிட்டு வந்து ஓடினேன்னு பொய் சொல்றா. மருந்து செத்துப் போச்சு, கணக்கும் கெட்டுப் போச்சு."

சரோஜினிதேவி தனக்கு வந்த பிளேன்டீயை ஒரு மிடறு குடித்தார்.

"டொக்டர், இந்தத் தேத்தண்ணில இன்னும் தண்ணி ஊத்தினா என்ன ஆகும்?"

"ருசி கெட்டுப் போகும்."

"சாயமும் குறையும், சீனியும் குறையும். ரெண்டும் ஒரே அளவுல குறையும். சாயம் குறைஞ்சு சீனி மட்டும் எப்படிக் கூடும்? மருந்து வழியில செத்திருந்தா பைருவேட்டும் லக்டேட்டும் சேர்ந்துதானே மங்கணும். ஒண்ணுக்கொண்ணு வச்சுப் பார்க்கிற கணக்கு ஏன் மாறுது?"

டொக்டர் தியாகராஜா முப்பது வருடம் படங்களோடு வாழ்ந்த மனிதர். கேள்வி சரியென்று அவருக்கு உடனே தெரிந்தது. தெரிந்ததை மறைக்கவும் அவர் முயலவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும்.

"எனக்கு அந்த ரெண்டு நாள் படத்தையும் காட்டுறீங்களா?" என்றார் சரோஜினிதேவி.

காலை 10.10.

கணினியில் இரண்டு கோடுகள். கட்டிக்குள் பைருவேட் எப்போது எவ்வளவு இருந்தது என்பதைக் காட்டுபவை. மார்ச் மாதக் கோடு தரையிலிருந்து கிளம்பி, மலைபோல ஏறி, உச்சி தொட்டு, சரிந்தது. திங்கட்கிழமைக் கோடு தொடக்கத்திலேயே உயரத்தில் நின்றது. அங்கிருந்து சரிய மட்டுமே செய்தது.

"இந்த மலைக்கு ஏறுற பக்கம் எங்க டொக்டர்?"

டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் போட்டார். "மிசின் கடைசியில ஒரு எண்ணத் தரும். நாங்க அந்த எண்ணத்தான் பார்த்தோம்," என்றார்.

"படம் பிடிக்கிற அறைக்குக் கதவு இருக்கா?"

"இருக்கு. திறந்து மூடினா கம்பியூட்டர் நேரத்தக் குறிச்சுக்கும். ஆனா அது பாதுகாப்புக்குப் போட்டது, யாரும் அதப் பார்க்கிறதில்ல."

பார்த்தார்கள். திங்கட்கிழமை மருந்து உருகியது 8.41.00. ஊசியோடு கதவு கடந்தது 8.41.42. ஊசி போட்டதாகவும் படப்பதிவு தொடங்கியதாகவும் எழுதப்பட்டிருந்தது 8.42.19. மார்ச் மாதத்திலும் கதவு கடக்க எடுத்தது அதே நாற்பத்திரண்டு விநாடி.

"அந்தப் பிள்ள ஓடித்தான் போயிருக்கா," என்றார் சரோஜினிதேவி. "உங்க இருபத்தேழு விநாடி கதவுக்கு உள்ளதான் காணாமப் போயிருக்கு."

ஊசி கைமாறிய பிறகு கதவுக்கு உள்ளே இருந்தவர்கள் இரண்டே பேர். ஊசி போட்ட தாதி றுக்ஸானா. ஊசி போடப்பட்ட ஜமால்தீன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம், கணினியின் முன்னால், தொழில்நுட்பவியலாளர் கஜீபன்.

காலை 10.25. கஜீபன்.

"பதிவ எப்பத் தொடங்கினீங்க தம்பி?"

"றுக்ஸானா மிஸ் கையத் தூக்கின உடனே."

"உடனேன்னா?"

"அர விநாடி. அதுக்கு மேல இல்ல."

"மார்ச்லயும் அப்படித்தானா?"

"இல்ல மிஸ். அப்ப ஊசி போடுறதுக்குத் தனி மிசின் இருந்திச்சு. அது ஊசியத் தள்ளத் தொடங்கினதும் படப்பதிவு தானாத் தொடங்கும். அந்த மிசின் போன மாசம் பழுதாப் போச்சு. பாகம் சிங்கப்பூர்லயிருந்து வரணும். அதுவரைக்கும் கையால போடச் சொல்லி டொக்டர் ஒரு கடதாசி எழுதித் தந்தாரு. கையால போட்டது நேத்துத்தான் முதல் தடவ."

"ஊசி உள்ள போறத நீங்க கண்ணால பார்த்தீங்களா?"

"கண்ணாடியால பார்த்தா மிஸ்ஸோட முதுகுதான் தெரியும். கையத் தூக்கினா தலைக்கு மேல தெரியும்."

"எந்தக் கை?"

கஜீபன் யோசித்தான். "வலது," என்றான்.

காலை 10.35. றுக்ஸானா.

"இங்க வந்து எவ்வளவு காலம்?"

"ரெண்டு மாசம். அதுக்கு முந்தி பதினொரு வருஷம் டவுன்ல ஒரு ஸ்கேன் சென்டர்ல இருந்தேன்."

"ஊசி கைக்கு வந்ததும் என்ன செஞ்சீங்க?"

"குழாய்ல பூட்டினேன், போட்டேன். ஒரு செக்கன்கூட வீணாக்கல்ல மிஸ். வல்லாஹி, சத்தியமா."

"கையத் தூக்கினீங்களா?"

"தூக்கினேனே. டவுன்லயும் அப்படித்தான் செய்வோம்."

"கைய ஒருக்காக் காட்டுங்க."

றுக்ஸானா குழம்பிப்போய் இரண்டு கைகளையும் நீட்டினாள். சின்னக் கைகள். வலது உள்ளங்கையின் நடுவில் ஐந்து ரூபாய் நாணயக் குற்றியளவில் வட்டமாக ஒரு கன்றல்.

"நேத்து ஊசியத் தள்ளினதுல," என்றாள். "அது மணிக்கட்டுப் பருமன் ஊசி மிஸ். இடது கையால இறுக்கிப் பிடிச்சு, வலது கையால நெஞ்சக் குடுத்துத் தள்ளணும்."

சரோஜினிதேவி அந்தக் கன்றலை, அன்று சாக்குக்கு அடியில் அசைந்த சாரத்தைப் பார்த்ததுபோல, நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

காலை 10.50.

வார்டில் ஜமால்தீன் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்திரண்டு வயது, வெயிலில் கறுத்த முகம். கதிரை கிப்லாவை, மக்காவின் திசையை, நோக்கிப் போடப்பட்டிருந்தது.

"உட்கார்ந்தே தொழுறீங்களா நானா? கால் நோகுதா?"

"நோகல்ல மகள். நோவு நிண்டு ரெண்டு கிழமையாகுது. நாளையிலயிருந்து கதிரையிலதானே தொழணும், அதான் இண்டைக்கே பழகுறேன்." அவர் சிரித்தார். சிரிப்பு கண்வரை போகவில்லை. "நீங்க டொக்டரா?"

"இல்ல, நான் தராசு பார்க்கிறவ."

"அப்ப என்ட நெல்ல நிறுக்கிறவன்ட தராசையும் ஒருக்காப் பாருங்க."

"பார்ப்போம். இப்ப நேத்து நடந்ததச் சொல்லுங்க. ஊசி போடக்குள்ள எப்படி இருந்திச்சு?"

"கையில ஜிவ்வுண்டு ஏறின. பயத்துல நான் ஸுப்ஹானல்லாஹ் சொல்லத் தொடங்கின. தொழுதுட்டு முப்பத்து மூணு தரம் சொல்லுவோமே, அந்தக் கணக்குல, விரல் மடிச்சு."

"அப்ப மிசின் சத்தம் போட்டிச்சா?"

"இல்ல. ஒரே அமைதி. முப்பத்து மூணு முடியப் போகக்குள்ளதான் டக்டக்குண்டு தட்டத் தொடங்கின. மொத தரம் அப்படி இல்ல. அப்ப கையில ஏறக்குள்ளயே மிசினும் தட்டின, நான் ஒண்டுகூடச் சொல்லி முடிக்கல்ல."

 இந்த மனிதரின் காலைக் காப்பாற்றும் கணக்கு அவருடைய விரல்களிலேயே இருந்திருக்கிறது. யாரும் அவரிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

காலை 11.30.

எல்லோரையும் படம் பிடிக்கும் அறைக்கு அழைத்தார். வாகினியும் சிவந்த கண்களோடு வந்தாள். கட்டிலில் ஜமால்தீனுக்குப் பதில் ஒரு வாளி. மருந்துக்குப் பதில் தண்ணீர்.

"நேத்துச் செஞ்ச மாதிரியே செய்யுங்க," என்றார் சரோஜினிதேவி. "கூடவும் வேணாம், குறையவும் வேணாம்."

வாகினி ஓடிவந்து கதவைக் கடந்தாள். றுக்ஸானா ஊசியை வாங்கிக் குழாயில் பூட்டினாள். பத்து விநாடி. சரோஜினிதேவியின் கண் அவளுடைய கையைவிட்டு நகரவில்லை. இடது கை ஊசியைப் பற்றியது, வலது உள்ளங்கை தள்ளத் தொடங்கியது. மருந்து உள்ளே போனது. பிறகு, குழாயில் தங்கியதையும் உள்ளே அனுப்புவதற்காக, சேலைன் ஊசி. பிறகு குழாயை மூடினாள். ஓரடி பின்னால் வந்து வலது கையைத் தலைக்கு மேலே உயர்த்தினாள். கண்ணாடிக்கு அப்பால் கஜீபன் பொத்தானை அழுத்தினான்.

"தள்ளத் தொடங்கினதிலயிருந்து கை உயர இருபத்தேழு விநாடி," என்றார் சரோஜினிதேவி.

அவர் எல்லோர் பக்கமும் திரும்பினார்.

"திங்கட்கிழம காலைல இங்க யாரும் பொய் சொல்லல்ல. வாகினி ஓடினா. றுக்ஸானா உடனே ஊசியப் போட்டாங்க. கஜீபன் கையக் கண்டதும் அழுத்தினாரு. ஆனா ஊசியத் தள்ளினதும் வலது கை, உயர்ந்ததும் வலது கை. ஒரு கை ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல இருக்க ஏலாது. அதால தள்ளி முடிஞ்ச பிறகுதான் உயர்ந்திருக்கு. அதுக்குள்ள பைருவேட் கட்டிக்கு வந்து, மலையேறி, உச்சிக்கே போயிட்டுது. ஏறின பக்கத்த மிசின் பார்க்கவே இல்ல. பிந்தி வார லக்டேட்ட மட்டும் முழுசாப் பார்த்திச்சு. பைருவேட்டுல பாதி கணக்குல விழல்ல, லக்டேட் அப்படியே விழுந்திச்சு. கட்டி கூடல்ல டொக்டர். தட்டுல ஒரு பக்கத்துக்கு முட்டுக்கொடுத்து நிறுத்திருக்கோம்."

"என்னாலயா?" என்றாள் றுக்ஸானா. குரல் உடைந்தது. "வாகினி மிஸ் அழுதது என்னாலயா? டவுன்ல ஊசி முழுக்கப் போய், குழாய மூடின பிறகுதான் கையத் தூக்குவோம். நான் அத நெனச்சே பார்க்கல்ல. டொக்டர், பிழை என்னோடது, அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க."

"கொஞ்சம் பொறுங்கம்மா," என்றார் சரோஜினிதேவி. சுவரில் ஒட்டியிருந்த கடதாசியைக் காட்டினார். "இதுல, 'ஊசி ஏற்றத் தொடங்கும்போது தாதி கையை உயர்த்த வேண்டும்' னு இருக்கு. எழுதினது யாரு டொக்டர்?"

"நான்தான்."

"ரெண்டு கையும் ஊசியில இருந்தா, உயர்த்துறதுக்கு மூணாவது கை எங்க?"

டொக்டர் தியாகராஜா அந்தக் கடதாசியை ஒரு நிமிடம் பார்த்தார். கையொப்பம் அவருடையது. பிறகு மெதுவாக அதைச் சுவரிலிருந்து உரித்தெடுத்தார். வாகினியின் முன்னால் வந்து நின்றார்.

"மன்னிச்சுக்கம்மா," என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "விநாடியத் திருடினவன் நான். பழியப் போட்டது உன் மேல."

இப்படிச் சொல்லக்கூடிய இயக்குநர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று இந்தக் கதையைச் சொல்லும் எனக்குத் தெரியாது. எனக்கு அந்த ஆள்மேல் அதுவரை இருந்த கோபம் அந்த இடத்தில் தீர்ந்துபோனது.

வாகினி தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு, "கையிருப்புல இன்னும் ஒரு மருந்து இருக்கு டொக்டர்," என்றாள். "இப்பக் காந்தத்துக்குள்ள வச்சா மூணு மணிக்கு ரெடி."

ஆய்வு விதிப்படி ஒருவருக்கு ஒருமுறை மீண்டும் அளக்கலாம். ஜமால்தீனிடம் விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிச் சம்மதம் கேட்டார்கள். "இதுக்கும் கேக்கணுமா?" என்றார் அவர்.

பிற்பகல் 2.55.

டொக்டர் தியாகராஜா கைக்கடிகாரத்தையும் பெல்ட்டையும் கழற்றினார். காந்த அறைக்குள் உலோகம் போகக்கூடாது. கடிகாரத்தைச் சரோஜினிதேவியிடம் கொடுத்தார்.

"மூணாவது கை நான்தான்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கட்டிலருகே நின்றார்.

3.02.00. மருந்து உருகியது. வாகினி சரிபார்த்தாள், ஓடினாள். அப்படி ஓடியதைப் பார்த்த எவரும் அவளைச் சந்தேகித்திருக்க மாட்டார்கள். 3.02.41. கதவு. 3.02.51. றுக்ஸானாவின் கன்றிய உள்ளங்கை அசைந்தது. அசைந்த அந்தக் கணத்திலேயே டொக்டரின் கை உயர்ந்தது. கஜீபன் அழுத்தினான்.

திரையில் கோடு தரையில் கிடந்தது. ஐந்து விநாடி, பத்து விநாடி, இன்னும் தரையில்தான். பிறகு மெல்லக் கிளம்பியது. ஏறியது. உச்சி தொட்டது. முழு மலை! அதன் காலடியில் லக்டேட்டின் கோடு ஒரு சின்ன மேடாக எழுந்து அடங்கியது.

கணினி கணக்குப் போட ஐந்து நிமிடம் எடுத்தது. கஜீபன் எண்ணை இரண்டு தரம் வாசித்தான். பிறகு உரக்கச் சொன்னான்.

"இருபத்திரண்டு."

மார்ச்சில் நாற்பது. இப்போது இருபத்திரண்டு. மருந்து ஆறு கிழமையாகச் சத்தம் போடாமல் தன் வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறது. டொக்டர் பெல்ட்டைக்கூடக் கட்டாமல் தொலைபேசிக்குப் போனார். சத்திரசிகிச்சை வேண்டாம், மருந்து தொடரும், ஆறு கிழமையில் மீண்டும் அளப்போம் என்று பெரிய ஹொஸ்பிட்டலுக்குச் சொன்னார். நாளைய அம்புலன்ஸையும் நிறுத்தினார்.

பிற்பகல் 3.40.

ஜமால்தீனிடம் செய்தியைச் சொல்லும் வேலையை றுக்ஸானா கேட்டு வாங்கிக்கொண்டாள். சரோஜினிதேவி வார்டு வாசலில் குடையோடு நின்றார். நாலு மணி பஸ்ஸையாவது பிடிக்க வேண்டும்.

"கால எடுக்கல்ல நானா," என்றாள் றுக்ஸானா. "மருந்து கேக்குது. பிழையா அளந்துட்டோம்."

அவர் குனிந்து, வலது முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. பள்ளிவாசலிலிருந்து அஸர் தொழுகைக்கான பாங்கு கேட்டது. அது முடியும்வரை அப்படியே இருந்துவிட்டு, முகத்தைத் துடைத்தார்.

"மகள், அந்தக் கதிரைய எடுத்து அங்கால வைங்க," என்றார்.

றுக்ஸானா கதிரையைத் தூக்கிச் சுவரோரம் வைத்தாள். ஜமால்தீன் எழுந்து, இரண்டு காலையும் ஊன்றி, தொழுகைக்கு நின்றார்.